அதே ரொட்டி விலை, வேறு முடிவு: பிரான்ஸ் 1775-லும் 1789-லும்

## எதைப் பார்க்கப் போகிறோம்

பாரிசில் நாலு பவுண்டு ரொட்டி சாதாரண காலத்தில் 8 அல்லது 9 சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்கும். 1775 மே மாதத் தொடக்கத்தில் அது 14 சூ அளவுக்கு ஏறியது. கலவரம் வெடித்தது, மூன்று வாரத்தில் அடங்கியது, ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1789-இல் அதே ரொட்டி 14½ சூ. இந்த முறை பாஸ்டில் கோட்டை விழுந்தது, ராஜாவை அரண்மனையிலிருந்து கூட்டமே நகரத்துக்குள் அழைத்து வந்தது, மூன்றரை ஆண்டில் அவர் தலையும் போனது. அரை சூ ஏறியதற்காக எந்த முடியாட்சியும் கவிழ்ந்துவிடாது. ராஜா அதே ஆள், நகரம் அதே நகரம், விலையும் ஏறத்தாழ அதேதான். அப்படியென்றால் நடுவில் கழிந்த பதினாலு வருஷத்தில் என்ன மாறியது?

பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்றதும் பள்ளிக்கூடத்தில் எழுதிய பட்டியல் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆடம்பர அரசவை, வரி கட்டாத பிரபுக்கள், வாடிய விவசாயி, ரூசோ, வால்டேர், அமெரிக்கப் போர். பட்டியல் தப்பில்லை, ஆனால் போரைத் தவிர அதில் உள்ள எல்லாமே 1775-லும் இருந்தவை. இருந்தும் அப்போது புரட்சி வரவில்லை. அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, யார் எந்த வருஷம் எந்த முடிவை எடுத்தார்கள், அந்த நேரத்தில் அது ஏன் சரியாகத் தோன்றியது என்று வரிசையாகப் பார்க்கலாம். ராஜாவும் மந்திரிகளும் இன்னும் ஓரிருவரும் தவிர இதில் வருபவர்கள் பெயர் இல்லாமலே வருவார்கள்.

## பின்னணி

அன்றைய பிரான்சின் மக்கள்தொகை சுமார் 2.8 கோடி. குருமார் முதல் வகுப்பு, பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு, மற்ற எல்லோரும் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர். துறைமுகத்தில் கப்பல் வைத்திருந்த கோடீஸ்வரனும், வக்கீலும், நிலமே இல்லாத கூலியும் அதற்குள்தான் அடக்கம்.

வரி எப்படிப் போடப்பட்டது என்பதற்கு உப்பு ஒன்றைச் சொன்னால் போதும். பிரிட்டனி மாகாணத்துக்கு உப்பு வரி கிடையாது. பாரிசைச் சுற்றியுள்ள பகுதிகளில் அதே உப்பு இருபது மடங்கு வரை விலை, அதிலும் எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் பேரிலும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் வேறு. வசூல் செய்ததும் அரசு இல்லை, மொத்தமாகக் குத்தகை எடுத்த தனியார் கூட்டம். குத்தகைப் பணத்தை அவர்கள் அரசுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், அப்புறம் சனங்களிடம் கறந்துகொள்வார்கள். முக்கிய நேரடி வரி பிரபுக்களுக்கு இல்லை. தேவாலயம் வரி என்று எதையும் கட்டாமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "மனமுவந்த நன்கொடை" ஒன்றைக் கொடுக்கும், அதன் தொகையையும் அதுவே தீர்மானிக்கும்.

இத்தனையையும் சனங்கள் சகித்துக்கொண்டதற்கு ஒரு பின்புலம் உண்டு. ராஜா வரி வாங்குவார், பதிலுக்கு ரொட்டி கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த, எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துதான் விற்க வேண்டும், களத்திலேயே மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கூடாது, பதுக்கினால் போலீஸ் வரும். பாரிசில் பெரும்பாலான கூலிக் குடும்பங்களுக்கு வருமானத்தில் பாதி ரொட்டிக்கே போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு அவர்களுக்கு உயிர்நாடி.

## 1775: முதல் முறை

பதினாறாம் லூயி 1774 மே மாதம் 19 வயதில் அரியணை ஏறினார். வந்ததும் இரண்டு முடிவுகள் எடுத்தார், இரண்டும் நல்ல நோக்கத்தோடுதான்.

முதலாவது, துர்கோ என்ற சீர்திருத்தவாதியை நிதிப் பொறுப்பில் வைத்தது. துர்கோ செப்டம்பரிலேயே தானிய வியாபாரத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகளை நீக்கினார். விலை கொஞ்சம் ஏறினால் விவசாயி அதிகம் விளைவிப்பான், நாளடைவில் எல்லோருக்கும் நல்லது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பொருள் இருந்தது, ஆனால் அந்த வருஷ அறுவடை மோசம்.

இரண்டாவது, தாத்தா ஒழித்துக்கட்டியிருந்த பார்லமான்களைத் திரும்பக் கொண்டுவந்தது. இவற்றைத் தேர்தல் நடத்திக் கூட்டிய நாடாளுமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். இவை உயர் நீதிமன்றங்கள், இவற்றில் பதவியை விலைக்கு வாங்கலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம். ராஜாவின் சட்டம் எதுவானாலும் இங்கே பதிவாக வேண்டும் என்பதால் இவர்களால் முட்டுக்கட்டை போட முடியும். பதினைந்தாம் லூயி 1771-இல் இவர்களைத் தூக்கி எறிந்தார். பேரன் எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க ஆசைப்பட்டு மறுபடி உட்கார வைத்தார். பாரிஸ் கைதட்டியது. இதற்கான விலை என்ன என்பது பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1775 ஏப்ரல் கடைசியில் பாரிசுக்கு வடக்கே ஒரு சந்தையில் தொடங்கிய தகராறு ஊர் ஊராகப் பரவி, மே 2-ஆம் தேதி ராஜாவின் அரண்மனை இருந்த வெர்சாய்க்கும் மறுநாள் பாரிசுக்கும் வந்து சேர்ந்தது. சுமார் மூன்று வாரத்தில் 300 இடங்களில் கலவரம். இதற்கு மாவுப் போர் என்று பெயர். பல இடங்களில் கூட்டம் கொள்ளையடித்துவிட்டு ஓடவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். மூட்டையைப் பிடுங்கி, "இதுதான் நியாய விலை" என்று தாங்களே ஒரு விலை போட்டு, அந்தக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராஜா செய்யத் தவறிய வேலையை அவர் சார்பில் தாங்கள் செய்வதாகத்தான் அவர்கள் எண்ணம். ராஜாவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

வெர்சாயில் ஒரு அதிகாரி பயந்துபோய் பவுண்டு 2 சூ என்று விலையைக் குறைத்தார். துர்கோ அதை ரத்து செய்ய வைத்தார். சுமார் 25,000 படைவீரர்களை இறக்கினார்கள், அவர்கள் சொன்னபடி செய்தார்கள். பார்லமான் முணுமுணுத்தது, ராஜா கூப்பிட்டு அதட்டியதும் பணிந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மே 11 அன்று பாரிசில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் 28 வயது விக் செய்பவர், இன்னொருவன் 16 வயது நெசவுத் தொழிலாளி. அடுத்த மாதம் ரான்ஸ் நகரில் முடிசூட்டு விழா கோலாகலமாக நடந்தது. ஓராண்டில் துர்கோவின் பதவி போனது, கூலியில்லாத கட்டாயச் சாலை வேலையை அவர் ஒழித்திருந்தார், அதுவும் திரும்பி வந்தது.

அப்போது அரசின் கையில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்வோம். படைக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, படை பணிந்தது, நீதிமன்றம் வழிக்கு வந்தது. முக்கியமாக, கலவரம் செய்தவர்களுக்கு ரொட்டி விலையைத் தவிர வேறு கோரிக்கை இல்லை, அவர்களுக்காகப் பேச ஒரு சபையும் இல்லை. பசி தனியாக வந்தது, தனியாகவே அடங்கியது.

## 1777–1786: கடன்

1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்து இங்கிலாந்தோடு போருக்குப் போனது. முந்தைய ஏழாண்டுப் போரில் (1756–63) இங்கிலாந்திடம் தோற்றுப் பட்ட அவமானத்துக்குப் பழி வாங்க வேண்டும் என்பதுதான் அதன் உள்நோக்கம், சுதந்திரத்தின் மேல் காதல் எல்லாம் அப்புறம். நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. 1782, 1783-இல் சுஃப்ரன் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் கடல்களில் ஆங்கிலேயரோடு மோதியது இந்தப் போரின் ஒரு பகுதிதான். அந்தப் பீரங்கி மருந்துக்கான செலவும் வெர்சாயின் கடன் கணக்கில்தான் ஏறியது. போருக்கு மொத்தம் 100 கோடி லிவ்ருக்கு மேல் செலவு (20 சூ ஒரு லிவ்ர்). கிடைத்ததோ டொபாகோ, செனகல் போன்ற சில துண்டு நிலங்களும், ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரி திரும்பி வந்ததும், ஏதோ கொஞ்சம் பெருமையும்.

நிதியைப் பார்த்துக்கொண்ட நெக்கர் ஜெனீவாவைச் சேர்ந்த வங்கியாளர். புதிய வரி போட்டால் எதிர்ப்பு வரும் என்று முழுக்கக் கடனாகவே வாங்கினார். அதில் பெரும்பகுதி ஆயுள் கடன், அதாவது பணத்தைப் போடுபவர் குறிப்பிடும் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் வட்டி உண்டு. விஷயம் எங்கே கோணலானது என்றால், அந்த ஒருவருக்கு நாலு வயதா அறுபது வயதா என்று அரசு பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விகிதம். ஜெனீவா வங்கிகள் அம்மை வந்து பிழைத்த, நல்ல குடும்பத்துச் சின்னப் பெண்குழந்தைகளாக முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரில் பணத்தைக் கொட்டின. அந்தக் குழந்தைகளுக்கு ஊரிலேயே சிறந்த வைத்தியம். அவர்கள் நீண்ட நாள் வாழ வாழ பிரான்சின் கஜானா கரைந்தது.

1781-இல் நெக்கர் ராஜாங்கத்தின் வரவுசெலவை அச்சிட்டு வெளியிட்டார். ஒரு பிரெஞ்சு ராஜாவின் கணக்கு இப்படி வெளியே வந்தது அதுவே முதல் முறை, ஆயிரக்கணக்கில் விற்றது. அதில் 1 கோடி லிவ்ருக்கு மேல் உபரி காட்டியிருந்தது! போர்ச் செலவை "அசாதாரணச் செலவு" என்று ஒதுக்கி வைத்துவிட்டு "சாதாரண" கணக்கை மட்டும் காட்டினால் உபரி வரத்தானே செய்யும். கடன் கொடுப்பவர்கள் நம்ப வேண்டும் என்பது அவர் நோக்கம், நம்பவும் செய்தார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் மிக மோசமான வெற்றி இதுதான். கணக்கைப் பார்க்கலாம் என்ற பழக்கத்தைச் சனங்களுக்கு உண்டாக்கிவிட்டு, பொய்க் கணக்கைக் கையில் கொடுத்தார்.

இங்கே ஆடம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். 1788 கணக்குப்படி மொத்தச் செலவு 62.9 கோடி லிவ்ர், வரவு 50.3 கோடி. செலவில் 31.8 கோடி, அதாவது பாதி, பழைய கடனுக்கே போனது. அரசவைக்கான செலவு 3.6 கோடி, நூற்றுக்கு ஆறு. ராணியின் நகையை எல்லாம் விற்றிருந்தாலும் துண்டு விழுந்தது விழுந்ததுதான். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று அவர் சொன்னதாக வரும் கதையும் அவர் சிறுமியாக இருந்தபோதே வேறு யாரோ ஒரு இளவரசி பேரில் உலவியதுதான். ஆடம்பரம் கஜானாவைவிட ராஜாவின் பெயரைத்தான் அதிகம் கெடுத்தது. வரி கட்டுங்கள் என்று கேட்கும் நாள் வந்தபோது அதன் பலன் தெரிந்தது.

இங்கிலாந்துக்கும் இதே அளவில் கடன் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அங்கே கடனுக்கு நாடாளுமன்றம் பொறுப்பு, வரியை நாடாளுமன்றம் போடும், கணக்கும் அங்கே வரும், அதனால் வட்டி குறைவு. பிரான்சில் கடனுக்குப் பொறுப்பு ராஜாவின் வாய்ச்சொல். அவர் முன்னோர்கள் பலமுறை கைவிரித்தவர்கள் என்பதால் கொடுப்பவர் அதிக வட்டி கேட்டார். ஆக, சிக்கல் கடன் தொகையில் இல்லை, கேள்வி கேட்க ஆளில்லாத ஓர் அரசு வாங்கிய கடன் என்பதில் இருந்தது.

## 1786–1788: ஒவ்வொரு வாசலாக

1786 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நிதியமைச்சர் கலோன் ராஜாவிடம் உண்மையைச் சொன்னார். ஆண்டுக்கு 10 கோடி லிவ்ருக்கு மேல் துண்டு விழுகிறது, இனி கடனும் கிடைக்காது. அவர் திட்டம் துணிச்சலானது. பிரபு, குரு என்று பார்க்காமல் எல்லா நிலத்துக்கும் வரி, மாகாண சபைகள், உள்நாட்டுச் சுங்கம் ரத்து. பார்லமான் இதைப் பதிவு செய்யாது என்று தெரிந்ததால், நாட்டின் பெரிய மனிதர்கள் 144 பேரை வெர்சாய்க்கு அழைத்து, அவர்கள் சம்மதத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று பார்த்தார். 1787 பிப்ரவரி 22-இல் கூடினார்கள்.

அப்போது வந்த ஒரு கேலிச் சித்திரம் பிரபலம். சமையல்காரர் கோழி, வாத்துகளைக் கூட்டி வைத்து, "உங்களை எந்தக் குழம்பில் போடட்டும்?" என்று கேட்கிறார். "எங்களுக்குச் சாக விருப்பமில்லை." "நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை."

அழைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரபுக்களும் ஆயர்களும். வெறும் சுயநலத்தால் மறுத்தார்கள் என்று எழுதுவது சுலபம், பாதி உண்மையும்கூட. ஆனால் அவர்கள் வைத்த கேள்வி நியாயமானது: ஆறு வருஷத்துக்கு முன் உபரி என்று அச்சிட்டீர்கள், இப்போது இவ்வளவு பள்ளம் என்கிறீர்கள், எது பொய்? முழுக் கணக்கைக் காட்டுங்கள். கலோன் மழுப்பினார், பிறகு அவர்களுக்கு எதிராகச் சனங்களைத் தூண்டும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார், ஏப்ரலில் ராஜா அவரைக் கைவிட்டார்.

அடுத்து வந்த பிரியேன் ஓர் ஆயர், அந்தக் கூட்டத்திலேயே கலோனை எதிர்த்தவர். பதவியில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்ததும் அவரும் ஏறக்குறைய கலோனின் திட்டத்தையே நீட்டினார். பார்லமானுக்குப் போனார். அது இப்போது ஒரு புது வார்த்தை சொன்னது: புதிய வரிக்குச் சம்மதம் தரும் அதிகாரம் எங்களுக்கில்லை, ஸ்டேட்ஸ் ஜெனரலுக்குத்தான் உண்டு. மூன்று வகுப்புகளின் பிரதிநிதிகளும் கூடும் அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614-இல். ராஜா நீதிபதிகளை நாடு கடத்திப் பார்த்தார், திரும்பக் கூப்பிட்டார். 1787 நவம்பரில் ஒரு கடனைப் பதிவு செய்யச் சொன்னபோது, சொந்த உறவினரான ஓர்லியான்ஸ் பிரபுவே எழுந்து இது சட்டவிரோதம் என்றார். "நான் விரும்புவதால் இது சட்டப்படியானது" என்று ராஜா பதில் சொன்னார். 1788 மே மாதம் பார்லமான்களின் அதிகாரத்தையே வெட்டப் பார்த்தார்கள். ஜூன் 7 அன்று கிரனோபிள் நகரத்தில் சனங்கள் கூரை மேல் ஏறிப் படைகள் மேல் ஓடுகளை வீசினார்கள். தேவாலயத்திடம் நன்கொடை கேட்டதற்கு, கேட்டதில் ஒரு சிறு பங்குதான் வந்தது.

இதற்கிடையே 1787 ஜூனில் பிரியேன் இன்னொரு வேலையும் செய்திருந்தார். தானிய வியாபாரத்தை மறுபடி திறந்துவிட்டார், ஏற்றுமதி உட்பட. களஞ்சியத்தில் இருந்தது வெளியே போனது. 1775-இல் என்ன நடந்தது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை போலும்.

1788 ஆகஸ்ட் 8-இல் ஸ்டேட்ஸ் ஜெனரலை அடுத்த மே மாதம் கூட்டுவதாக ராஜா அறிவித்தார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெர்சாயில் திப்பு சுல்தானின் தூதர்களுக்கு ஆடம்பரமான தர்பார் வரவேற்பு. ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு மைசூரிலிருந்து வந்தவர்கள். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, கஜானா தன் கடன்காரர்களுக்கு ரொக்கத்தை நிறுத்தி, ஒரு பகுதியைக் காகிதச் சீட்டாகத் தருவதாக அறிவித்தது. தூதர்கள் படை இல்லாமலே திரும்பினார்கள். பிரியேன் விலகினார், மறுபடி நெக்கர் வந்தார்.

## 1788 ஜூலை – 1789 ஏப்ரல்: கவனித்தவை

1788 ஜூலை 13-ஆம் தேதி வட பிரான்சில் பெரிய ஆலங்கட்டி மழை. அறுவடைக்குத் தயாராக நின்ற பயிர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தரையோடு போனது. ஆகஸ்டில் 9 சூவாக இருந்த ரொட்டி நவம்பரில் 12, டிசம்பரில் 14, பிப்ரவரியில் 14½ என்று ஏறியது. அந்தக் குளிரில் சேன் நதியே உறைந்தது. படகு ஓடவில்லை, நீராலைகள் சுற்றவில்லை, அதனால் தானியம் இருந்த இடத்திலும் மாவு இல்லை. நெக்கர் ஏற்றுமதியை நிறுத்தி, வெளிநாட்டில் தானியம் வாங்கினார். அது போதவில்லை.

கட்டட வேலை செய்யும் ஒரு கூலிக்கு நாளுக்கு 30 சூ கிடைத்தாலே அதிகம். மனைவி, பிள்ளைகளோடு நாளுக்கு இரண்டு ரொட்டி என்றால் 29 சூ. மிச்சம் ஒரு சூவில் வாடகை, விறகு, துணி. வேலை இருக்கும் நாளின் கணக்கு இது. 1786-இல் இங்கிலாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் மலிவான ஆங்கிலத் துணி வந்து இறங்கியிருந்தது, ரூவான், அமியேன் போன்ற நெசவு நகரங்களில் தறிகள் நின்றிருந்தன. வேலை இல்லாதவர்கள் பாரிசை நோக்கி நடந்தார்கள்.

இதுவரை 1775-இன் பெரிய வடிவம், அவ்வளவுதான். மாற்றம் இனிமேல் வருகிறது. அதே குளிர்காலத்தில் ராஜாவே ஊர் ஊருக்கு ஓர் உத்தரவு அனுப்பியிருந்தார். பிரதிநிதியைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் குறைகளை எழுதி அனுப்புங்கள். பல்லாயிரம் மனுக்கள் எழுதப்பட்டன. அவற்றில் தத்துவம் குறைவு. உப்பு வரி, பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம், விதைத்ததைத் தின்னும் பிரபுவின் புறாக்களை விரட்டக்கூட முடியாத நிலை, இப்படி. பெரும்பாலான மனுக்கள் நல்ல ராஜா, தந்தை போன்ற ராஜா என்றே தொடங்குகின்றன. ஆனாலும் ஊரே சாவடியில் கூடி, எது அநியாயம் என்று பேசி, அதை எழுத்தில் போட்டு, கையெழுத்தும் வைத்தாகிவிட்டது. அனுப்பியவர்கள் அடுத்த அறுவடைக்குள் பதில் வரும் என்று காத்திருந்தார்கள். பசியோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. 1775-இல் பசி மட்டும்தான்.

பாரிஸ் செந்த் அந்துவான் புறநகரில் ஏப்ரல் கடைசியில் நடந்ததை இதற்கு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே சுமார் 350 பேருக்கு வேலை கொடுத்த ஒரு சுவர்த்தாள் ஆலை முதலாளி, அந்த வட்டாரத்திலேயே நல்லவர் என்று பெயர் வாங்கியவர். தேர்தல் கூட்டத்தில் பேசும்போது, ரொட்டி விலை குறைந்தால் கூலியையும் குறைக்கலாம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அது தெருவுக்கு வந்து சேரும்போது "கூலியை 15 சூவாகக் குறைக்கச் சொன்னார்" என்று மாறிவிட்டது. ஏப்ரல் 28-ஆம் தேதி அவர் வீடு சூறையாடப்பட்டது. பிரெஞ்சுக் காவற்படை சுட்டது, ஏராளமானோர் செத்தார்கள். பாரிசில் வாக்குரிமைக்கு 6 லிவ்ர் தலைவரி கட்டியிருக்க வேண்டும் என்பதால், கூட்டத்தில் இருந்த பலருக்கு அந்தத் தேர்தலில் இடமே இல்லை. இருந்தும் அவர்கள் போட்ட கோஷம் "மூன்றாம் வகுப்பு வாழ்க!" 1775-இல் இந்தக் கோஷம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. கூலிக்காரன் தன் ரொட்டியை வக்கீலின் சபையோடு முடிச்சுப் போட்டுவிட்டான்.

## மே – ஜூலை: எடுத்த முடிவுகளும் எடுக்காத முடிவும்

1788 டிசம்பர் 27 அன்று ராஜா மூன்றாம் வகுப்புக்கு இரட்டிப்பு இடம் கொடுத்தார், சுமார் 600 பேர். ஆனால் வாக்கைத் தலைக்கு ஒன்று என்று எண்ணுவதா, வகுப்புக்கு ஒன்று என்று எண்ணுவதா என்பதைச் சொல்லாமல் விட்டார். வகுப்புக்கு ஒன்று என்றால் 600 பேர் வந்தும் 2-க்கு 1 என்று தோற்பார்கள், பிறகு இரட்டிப்பு எதற்கு? பிரபுக்களைப் பகைக்காமல் இருக்கவே அப்படி விட்டார்கள். விளைவாக, மே 5-இல் கூடிய சபை ஆறு வாரம் இந்த ஒரே கேள்வியில் நின்றது. தலைநகரில் ரொட்டி 14½ சூ, பிரதிநிதிகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூன் 17-இல் மூன்றாம் வகுப்பு தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது. 20-ஆம் தேதி மண்டபம் பூட்டியிருக்கவே, பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் கூடி, அரசியலமைப்பு வகுக்காமல் கலைய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். 27-இல் ராஜா இறங்கி வந்தார், மூன்று வகுப்பும் சேர்ந்து உட்காருங்கள் என்றார்.

இறங்கி வந்த கையோடு பாரிசைச் சுற்றிப் படைகளைக் குவித்தார், அவற்றில் பல சுவிஸ், ஜெர்மன் படைப்பிரிவுகள். ஜூலை 11 அன்று நெக்கரை நீக்கினார். பாரிசில் இது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்றால், ரொட்டிக்கு ஏற்பாடு செய்யும் மந்திரியை விரட்டுகிறார்கள், சபையைக் கலைக்கப் போகிறார்கள், நம்மைப் பட்டினி போட்டு அடக்கப் பார்க்கிறார்கள் என்று. மூன்றும் ஒரே சதியாகத் தெரிந்தது. நகரத்தைச் சுற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்தான் வரிக் குத்தகைதாரர்கள் சுங்க மதில் கட்டியிருந்தார்கள், அதன் சாவடிகளில் பெரும்பாலானவை ஜூலை 14-க்கு முன்பே எரிந்தன. 13-ஆம் தேதி ஒரு மடத்தில் புகுந்து தானியத்தை எடுத்தார்கள். 14-ஆம் தேதி காலையில் துப்பாக்கி எடுத்தார்கள், அதற்கு வெடிமருந்து தேடித்தான் சிறையாக இருந்த பாஸ்டில் கோட்டைக்குப் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்.

ஏப்ரலில் சுட்ட அதே பிரெஞ்சுக் காவற்படையில் ஒரு பகுதி அன்று பீரங்கியோடு கூட்டத்தின் பக்கம் வந்து நின்றது, கோட்டை விழுந்ததற்கு அதுதான் நேரடிக் காரணம். இவர்கள் பாரிசிலேயே வசித்தவர்கள். பலர் கல்யாணமாகி, ஓய்வு நேரத்தில் ஏதாவது கைத்தொழில் பார்த்து, அதே கடையில் அதே விலைக்கு ரொட்டி வாங்கியவர்கள். புதிதாக வந்த தளபதியின் கெடுபிடி மேல் கோபமும் இருந்தது. மற்றப் படைகளையும் நம்ப முடியாது என்று தளபதிகள் சொன்னதும் ராஜா படையை விலக்கினார். பின்னர் அங்கீகரிக்கப்பட்ட "பாஸ்டில் வெற்றியாளர்" பட்டியலில் 954 பேர். அதில் தச்சர், பூட்டு செய்பவர் போன்ற கைவினைஞர்கள் ஏராளம், செந்த் அந்துவான் புறநகர்க்காரர்கள் மிக அதிகம்.

## பிறகு நடந்தது

ஜூலை கடைசியில் கிராமங்களில் பீதி பரவியது. பிரபுக்கள் கொள்ளைக்காரர்களை ஏவி விளைந்த பயிரை அழிக்கப் போகிறார்கள் என்று வதந்தி. விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள், கொள்ளைக்காரன் வரவில்லை, எடுத்த ஆயுதத்தோடு பிரபுவின் மாளிகைக்குப் போய் யார் என்ன பாக்கி என்று எழுதியிருந்த பத்திரங்களைத் தேடிக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 4 இரவு சபையில் பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சலுகைகளைத் துறந்தார்கள்.

ரொட்டி ஆகஸ்டில் 12 சூவாக இறங்கியது. அந்த ஆண்டு அறுவடை நன்றாகவே இருந்தது. ஆனால் வறட்சியால் ஆலைகளுக்கு நீர் இல்லாமல் மாவுத் தட்டுப்பாடு நீடித்தது. அக்டோபர் 5 அன்று பாரிசுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் ராஜா குடும்பத்தையே கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். ரொட்டிக்காரரையும், அவர் மனைவியையும், கடைப் பையனையும் கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொண்டு. பழைய ஏற்பாடு இன்னும் அவர்கள் மனதில் இருந்தது. ராஜா ரொட்டி கொடுக்க வேண்டியவர்தான், ஆனால் இனி நம் கண் முன்னால் இருந்து கொடுக்கட்டும்.

## எதை மாற்றியிருக்கலாம்

ஆலங்கட்டியையும் பனியையும் யாராலும் தடுத்திருக்க முடியாது. 1787-இல் தானிய ஏற்றுமதியைத் திறக்காமல் இருந்திருந்தால் கையிருப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும், 14½ சூ ஒருவேளை 13 ஆகியிருக்கும். அது கலவரத்தைக் குறைத்திருக்கும், சபையைக் கூட்டும் கட்டாயத்தைக் குறைத்திருக்காது. 1774-இல் பார்லமான்களைத் திரும்ப அழைக்காமல் இருந்திருந்தால் புதிய வரியைப் போட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கேள்வி கேட்க ஆளில்லாத அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள் அப்போதும் அதிக வட்டிதான் கேட்டிருப்பார்கள்.

உண்மையில் திருப்பியிருக்கக்கூடிய இடம் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று 1781. போர்ச் செலவையும் சேர்த்து உண்மைக் கணக்கு வெளிவந்திருந்தால் கடன் அன்றே நின்றிருக்கும், போரும் சீக்கிரம் முடிந்திருக்கும், கலோன் கேட்டபோது "எது பொய்?" என்ற கேள்விக்கு இடமிருந்திருக்காது. இன்னொன்று 1788 டிசம்பர். தலைக்கு ஒரு வாக்கு என்று அன்றே சொல்லியிருந்தால் மூன்றாம் வகுப்பு ராஜாவின் பக்கம் நின்றிருக்கும், அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் எழுதிய மனுக்களே அதற்குச் சாட்சி. பிரபுக்கள் கோபப்பட்டிருப்பார்கள். ஆனால் கலோன் 1787-இல் நில வரி கேட்டபோது மறுத்த அதே வகுப்பு, இரண்டரை வருஷம் கழித்து ஆகஸ்ட் 4 இரவு, மாளிகைகள் எரியும் செய்தி வந்துகொண்டிருந்தபோது, அதைவிடப் பல மடங்கு கூடுதலாக விட்டுக்கொடுத்தது.